உரிமம் யாரைக் காக்கிறது?
கலிபோர்னியா, டெக்சஸ் குத்தகையாளர் சந்தைகள்: ஓர் ஒப்பீடு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த பழமொழி. வீடு கட்டுபவர் படும் பாட்டை இது அழகாகச் சொல்கிறது. அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பவர் படும் பாட்டைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அந்த இருவரையும் பற்றியது.

எங்கள் தாமானில் நடந்த இரண்டு சம்பவங்களோடு தொடங்குகிறேன். பின்வரிசையில் இருக்கும் அத்தை ஒருவர் சமையலறையை நீட்டிக் கட்ட ஒரு குத்தகையாளரிடம் 15,000 ரிங்கிட் முன்பணம் கொடுத்தார். பழைய சுவரை இடித்துப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. இது முதல் சம்பவம்.

இரண்டாவது எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேலாக டைல்ஸ் பதிக்கும் வேலை செய்பவர். ஒரு வீட்டில் தரை, குளியலறை எல்லாம் முடித்துக் கொடுத்த பிறகு மீதிப் பணம் 8,000 ரிங்கிட் வரவில்லை. “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றே எட்டு மாதங்கள் ஓடிவிட்டன. கையெழுத்திட்ட தாள் ஏதும் அப்பாவிடம் இல்லை. அப்போது அவர் பதிவு பெற்ற குத்தகையாளரும் அல்ல. அதனால் எங்கே போய்க் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் சம்பவத்தைக் கேட்டவர்கள் எல்லாரும், “லைசென்ஸ் இருக்கிற ஆளாகப் பார்த்துக் கொடுத்திருக்கணும்” என்றார்கள். இரண்டாவது சம்பவத்திற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. உரிமம் என்பது யாரைக் காக்கிறது என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது.

நான் கட்டுமானச் செலவுக் கணக்கீட்டுத் துறையில் பயிலும் மாணவன். ஒரே நாட்டில் இருந்தும் வெவ்வேறு விதிகள் கொண்ட இரண்டு மாநிலங்களின் குத்தகையாளர் சந்தைகளை ஒப்பிடும்படி எங்கள் விரிவுரையாளர் ஓர் இடுபணி கொடுத்தார். அமெரிக்காவின் மக்கள்தொகை மிக்க முதல் இரண்டு மாநிலங்களான கலிபோர்னியாவையும் டெக்சஸையும் நான் தேர்ந்தெடுத்தேன். குத்தகையாளர் உரிமத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டும் இரு துருவங்கள் எனலாம்.

உரிமம் எதற்கு?

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970ஆம் ஆண்டில் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த வேறுபாட்டால் நல்ல காருக்கும் உரிய விலை கிடைக்காமல் போய், சந்தையே கெட்டுவிடும் என்பது அவர் வாதம். வீடு புதுப்பிக்கும் வேலையும் இப்படித்தான். டைல்ஸுக்கு அடியில் சிமெண்ட் சரியாகப் பூசப்பட்டதா, சுவருக்குள் கம்பி சரியாக ஓடுகிறதா என்பது வேலை செய்தவருக்குத்தான் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரிய வரும்போது ஓராண்டு ஆகியிருக்கும். எனவே அரசாங்கமே தகுதியைச் சோதித்து உரிமம் கொடுப்பது நியாயம் என்பது ஒரு சாராரின் கருத்து.

மறுசாரார் மில்டன் ஃப்ரீட்மன் பக்கம் நிற்பவர்கள். தொழில் உரிமம் என்பது பெரும்பாலும் ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் புதியவர்களைத் தடுக்கப் போடும் வேலி என்று அவர் 1962ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. வெள்ளை மாளிகை 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி அது ஏறக்குறைய நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்ந்துவிட்டது.

கலிபோர்னியா முதல் கருத்தையும் டெக்சஸ் இரண்டாவது கருத்தையும் சட்டமாக்கிப் பார்த்திருக்கின்றன.

கலிபோர்னியா: வாசலில் காவல்

கலிபோர்னியாவில் குத்தகையாளர் உரிம வாரியம் 1929இல் தொடங்கப்பட்டது. இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்களை அது மேற்பார்வையிடுகிறது. சாலை, பாலம் போன்ற பொறியியல் வேலைகளுக்கு ‘ஏ’ பிரிவு, பொதுக் கட்டட வேலைக்கு ‘பி’ பிரிவு, தனித்தனிக் கைவேலைகளுக்கு ‘சி’ பிரிவு. இந்த ‘சி’ பிரிவுக்குள்ளேயே மின்சாரத்திற்கு சி-10, சாயம் பூசுவதற்கு சி-33, குழாய் வேலைக்கு சி-36, டைல்ஸ் பதிக்க சி-54 என்று பல உட்பிரிவுகள் உள்ளன. ஆம், டைல்ஸுக்கும் தனி உரிமம் உண்டு.

உரிமம் பெற வேண்டுமானால் கடந்த பத்தாண்டுகளுக்குள் குறைந்தது 4 ஆண்டுகள் தேர்ந்த தொழிலாளியாக வேலை செய்த அனுபவத்தை நிரூபிக்க வேண்டும். பொதுவாக, சட்டமும் வணிகமும் சார்ந்த ஒரு தேர்வு, அந்தந்தத் தொழில் சார்ந்த ஒரு தேர்வு என இரண்டிலும் தேற வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் வைக்க வேண்டும். 2022 வரை 15,000 டாலராக இருந்த இத்தொகை 2023இல் உயர்த்தப்பட்டது.

சின்னஞ்சிறு வேலைக்கு மட்டும் விலக்கு உண்டு. கூலியும் பொருளும் சேர்த்து 500 டாலருக்குக் கீழ் இருந்தால் உரிமம் தேவையில்லை என்பது நெடுங்காலமாக இருந்த விதி. 2025 ஜனவரி 1 முதல் அவ்வரம்பு 1,000 டாலராகியிருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குக் கட்டட அனுமதி தேவைப்படக் கூடாது, உதவிக்குக் கூலியாள் வைக்கவும் கூடாது.

உரிமம் இல்லாமல் வேலை செய்தால் சிறையும் அபராதமும் உண்டு. பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதியில் அதையே செய்தால் குற்றம் இன்னும் கடுமையாகலாம். ஆயினும் என்னை உலுக்கியது வேறொரு விதி. அம்மாநிலத் தொழில் சட்டத்தின் 7031ஆம் பிரிவின்படி, உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்தவர் தம் கூலியைக் கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது. வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் முடியாது. அதோடு நிற்கவில்லை. கொடுத்த பணத்தை எல்லாம் திருப்பிக் கேட்டு வீட்டுக்காரர் வழக்குப் போடலாம்! பதித்த டைல்ஸும் அவருக்கே, பணமும் அவருக்கே.

இது ஏட்டளவில் மட்டும் உள்ள விதி அல்ல. நியூயார்க்கைச் சேர்ந்த ஹைட்ரோடெக் என்ற நிறுவனம் பாம் ஸ்பிரிங்ஸ் நகரின் நீர்ப் பூங்கா ஒன்றில் செயற்கை அலைக் குளம் அமைத்துக் கொடுத்தது. அதனிடம் கலிபோர்னியா உரிமம் இல்லை. பாக்கிப் பணம் வராததால் நீதிமன்றம் போனது. பணம் தரும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றும் வாதிட்டது. அப்படியே இருந்தாலும் உரிமம் இல்லாதவர் கூலி கேட்டு வழக்காட முடியாது என்று 1991இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில வழக்குகளில் அநியாயம் நேர்ந்தாலும், உரிமம் இல்லாதவர்களைத் தடுப்பதே பெரிது என்பது அம்மாநிலத்தின் கொள்கை.

டெக்சஸ்: வாசல் திறந்தே இருக்கிறது

டெக்சஸில் பொதுக் குத்தகையாளருக்கு மாநில உரிமமே இல்லை. கூரை போடுபவருக்கும் இல்லை, டைல்ஸ் பதிப்பவருக்கும் இல்லை. சான் அந்தோனியோ போன்ற சில நகரங்கள் தத்தம் அளவில் பதிவு கேட்கின்றன. மற்றபடி ஒரு பெயர்ப்பலகையும் ஒரு வண்டியும் இருந்தால் நாளைக்கே தொழிலைத் தொடங்கலாம்.

அதற்காக அங்கே எதற்குமே உரிமம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மின்சாரம், குளிரூட்டி, குழாய் ஆகிய வேலைகளுக்கு மாநில உரிமம் கட்டாயம். உயிருக்கு ஆபத்து உள்ள இடத்தில் மட்டும் அரசு குறுக்கிட வேண்டும் என்பதே டெக்சஸின் போக்கு. இதற்கு ஒரு சோகமான முன்கதை உண்டு. 1937 மார்ச் 18ஆம் தேதி நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் எரிவாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிள்ளைகள். அந்த ஆண்டிலேயே பொறியாளர்கள் பதிவு பெற வேண்டும் என்ற சட்டத்தை டெக்சஸ் இயற்றியது. கசிந்தால் தெரியும்படி எரிவாயுவில் வாடை சேர்க்கும் விதியும் அப்போது வந்ததுதான்.

வீடு கட்டும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த டெக்சஸ் ஒருமுறை முயன்றது. 2003இல் குடியிருப்புக் கட்டுமான ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. கட்டுநர்கள் அதில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் வீட்டில் குறை கண்டவர் நீதிமன்றம் போவதற்கு முன் ஆணையத்தின் ஆய்வு நடைமுறையைக் கடந்து வர வேண்டும். இதனால் அது கட்டுநர்களுக்கே கேடயமாகிவிட்டது என்ற குறை எழுந்தது. அரசு அமைப்புகளை மறுஆய்வு செய்யும் குழுவின் அதிகாரிகள் 2008இல் இதைக் கலைத்துவிடலாம் என்றே பரிந்துரைத்தனர். 2009இல் சட்டமன்றம் அதன் ஆயுளை நீட்டிக்கவில்லை. பதிவேடு என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அது யாருக்காக வேலை செய்கிறது என்பதே முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று.

2019இல் குழாய்த் தொழில் வாரியத்துக்கும் இதே நிலை வரவிருந்தது. சட்டமன்றம் அதன் ஆயுளை நீட்டிக்கத் தவறியது. 2017இல் ஹியூஸ்டனை மூழ்கடித்த ஹார்வி புயலுக்குப் பிந்திய சீரமைப்பைக் காரணம் காட்டி, ஆளுநர் ஓர் ஆணையின் மூலம் அதைக் காப்பாற்றினார். உரிமத்தைப் பெரிதாக விரும்பாத மாநிலம்கூடக் குழாய்க்காரரின் உரிமத்தைக் கைவிடத் துணியவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வாசலில் காவல் இல்லாவிட்டாலும் டெக்சஸ் வீட்டுக்குள்ளே சில பூட்டுகளை வைத்திருக்கிறது. கட்டுமானத்துக்காகக் கொடுக்கப்பட்ட பணம் அறக்கட்டளைப் பணம் போன்றது. தொழிலாளிக்கும் பொருள் தந்தவருக்கும் போக வேண்டியதைக் குத்தகையாளர் வேண்டுமென்றே வேறு வழியில் செலவிட்டால் அது குற்றம். பேரிடருக்குப் பின் சீரமைப்புக்கு வரும் வெளியூர்க் குத்தகையாளர் வேலையைத் தொடங்கும் முன் பணம் வாங்கக் கூடாது என்றும் 2011இல் ஒரு சட்டம் வந்தது.

அப்பா அங்கே இருந்திருந்தால்?

இடுபணியை எழுதும்போது, என் அப்பா இவ்விரு மாநிலங்களில் வேலை செய்திருந்தால் அந்த 8,000 ரிங்கிட் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

கலிபோர்னியாவில் அனுபவம் அவருக்குத் தடையாக இருந்திருக்காது. 4 ஆண்டுகள் கேட்கும் இடத்தில் அவரிடம் 20 ஆண்டுகள் உண்டு. ஆனால் அந்த அனுபவத்தை நேரில் கண்ட ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பிறகு தேர்வு எழுத வேண்டும். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்ட அப்பாவுக்கு டைல்ஸ் தேர்வைவிடச் சட்டத் தேர்வே மலையாகத் தெரிந்திருக்கும். தேறியிருந்தால் அவர் மதிப்புள்ள குத்தகையாளர். தேறாமல் வேலை செய்திருந்தால், பாக்கியையும் கேட்க முடியாது, ஏற்கனவே வாங்கிய பணத்தையும் இழக்க நேரலாம்.

டெக்சஸில் யாரும் அவரிடம் உரிமம் கேட்டிருக்க மாட்டார்கள். உரிமம் இல்லை என்பதற்காக அவர் வழக்கும் தள்ளுபடியாகாது. வேலை செய்தவருக்கு அந்தக் கட்டடத்தின் மீதே பற்றுரிமை உண்டு என்று அம்மாநில அரசியலமைப்பே சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீடு ஒரு குடும்பம் குடியிருக்கும் சொந்த வீடு என்றால், வேலை தொடங்கும் முன்பே எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும், கணவன் மனைவி இருவரும் அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அது மாவட்டப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் வேலை எடுத்த அப்பாவுக்கு அந்தப் பற்றுரிமையும் கிட்டியிருக்காது.

ஆக, ஒன்று வாசலில் தாள் கேட்கிறது. மற்றொன்று வழக்கு வந்த பிறகு தாள் கேட்கிறது. தாள் இல்லாத உழைப்பாளி இரண்டு இடத்திலும் தவித்துத்தான் போகிறார்.

அந்த அத்தைக்கு என்னவாகியிருக்கும்?

இப்போது வீட்டுக்காரர் பக்கம் வருவோம். அத்தை கலிபோர்னியாவில் இருந்திருந்தால் அவர் 15,000 ரிங்கிட்டை முன்பணமாகக் கொடுத்திருக்கவே தேவையில்லை. அங்கே வீடு புதுப்பிக்கும் வேலைக்கு முன்பணம் மொத்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. விளம்பரத்தில் உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு குத்தகையாளரின் நிலையை எவரும் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

ஆனால் உரிமம் இருந்தால் இழப்பு முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அந்த 25,000 டாலர் பத்திரம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியானது அல்ல. ஒரு குத்தகையாளரால் பாதிக்கப்பட்ட அனைவரும் அதையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து மாநிலமான அரிசோனாவிலோ, உரிமம் பெற்றவரால் நட்டப்பட்ட வீட்டுக்காரருக்கு ஒரு வரம்பு வரை ஈடு தர மீட்பு நிதி ஒன்று உண்டு. உரிமம் என்ற ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பொருள் இருக்கிறது.

டெக்சஸில் அந்த அத்தை தம் கண்களையும் அக்கம்பக்கத்தார் சொல்லையும்தான் நம்பியிருக்க வேண்டும். ஏமாந்தால் வழக்கறிஞரைத் தேட வேண்டும். இன்னொன்றும் உண்டு. தனியார் முதலாளிகள் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி எடுப்பதை டெக்சஸ் கட்டாயமாக்கவில்லை. கலிபோர்னியாவில் ஆள் வைத்து வேலை செய்யும் முதலாளிக்கு அது கட்டாயம். ஏணியிலிருந்து விழும் தொழிலாளிக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

எந்தச் சந்தை சிறந்தது என்று விரிவுரையாளர் கேட்டபோது என்னால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. உரிமம் டைல்ஸை நேராகப் பதிக்காது. அதைப் பதிப்பது கைதான். வேலை கெட்டுப் போகும்போது அந்த நட்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பதையே உரிமம் முன்கூட்டித் தீர்மானிக்கிறது. கலிபோர்னியா அதைப் பதிவில்லாத உழைப்பாளியின் தலையில் வைக்கிறது. டெக்சஸ் அதை விசாரிக்காத வீட்டுக்காரரின் தலையில் வைக்கிறது. இதுவே என் இடுபணியின் முடிவு.

நம் நாட்டில்

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டத்தின் வழி கட்டுமானத் தொழில்துறை மேம்பாட்டு வாரியம், அதாவது நாம் சிஐடிபி என்று அழைக்கும் அமைப்பு, உருவானது. குத்தகையாளர்கள் அதில் பதிவு பெற வேண்டும். ஏற்கக்கூடிய வேலையின் மதிப்பைப் பொறுத்து ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரங்கள் உள்ளன. பதிவின்றி வேலை எடுத்தால் 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். ஆகவே அப்பாவின் பக்கமும் தவறு இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பணம் வராத குத்தகையாளர்களுக்காக 2012இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் 15இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டமும் நம்மிடம் உண்டு. நீதிமன்றத்திற்குப் போகாமலேயே விரைவாகத் தீர்ப்புப் பெற அது வழி செய்கிறது. ஆனால் எழுத்து ஒப்பந்தங்களுக்கே அது பொருந்தும். தனிநபர் ஒருவர் தாம் மட்டும் குடியிருப்பதற்கான நான்கு மாடிக்குக் குறைவான கட்டடத்தில் செய்யும் வேலைக்கு அது பொருந்தாது. அதாவது அப்பா போன்றவர்கள் அன்றாடம் வேலை செய்யும் வீடுகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. வீட்டுக்காரருக்கோ 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே அங்கே போகலாம். அந்த அத்தைக்கு இதை யாரும் அப்போது சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

நண்பர்களே, நம்மில் பலரின் வீட்டில் கொத்தனாரோ, சாயம் பூசுபவரோ, மின்கம்பி இழுப்பவரோ ஒருவராவது இருப்பார். நாம் படித்த படிப்பு அவர்களுக்கு உதவ வேண்டும். என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எப்போது முடியும் என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டாலே பாதிச் சண்டை குறையும். வீட்டைப் புதுப்பிப்பவர்களும் பதிவைச் சரிபார்த்து, முன்பணத்தைக் குறைத்து, வேலை முடிய முடியப் பணம் கொடுப்பதே நல்லது.

அந்த 8,000 ரிங்கிட் இன்றுவரை வரவில்லை. ஆனால் சென்ற ஆண்டு அப்பா ஜி1 பதிவு பெற்றுவிட்டார். விலைப்பட்டியலை நான்தான் மலாயில் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். முதல் முறை, “நம்ம ஆளுங்ககிட்ட எப்படிப்பா கையெழுத்துக் கேக்கறது?” என்று தயங்கினார். “நம்ம ஆளுங்கதானேப்பா, கேட்டா போடுவாங்க” என்றேன். அந்த வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டார். தமக்கும் ஒரு நகல் வேண்டும் என்று கேட்டும் வாங்கிக்கொண்டார்.